வீட்டுக்கு எஃப்.சி. உண்டா பாஸ்?

நாமக்கல் பக்கம் ஒரு பழைய லாரி கைமாறுறதைப் பார்த்திருக்கீங்களா? வாங்குறவர் தனியா வரவே மாட்டார். ஒரு மெக்கானிக், பாடி கட்டுற பட்டறைக்காரர் ஒருத்தர், சும்மா தலையாட்ட ரெண்டு சொந்தக்காரங்கன்னு ஒரு படையே வரும். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் புகையோட கலரைப் பார்ப்பாங்க. சேஸிஸுக்கு அடியில படுத்து, எங்கேயாவது ஒட்டு வெல்டிங் இருக்கான்னு தேடுவாங்க. டயரை ஒரு உதை விட்டுப் பார்க்காம அட்வான்ஸ் நீட்டினதா சரித்திரமே கிடையாது!

என் சித்தப்பா இருபத்திரெண்டு வருஷம் நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டினவர். செகண்ட் ஹேண்ட் லாரி வாங்கணும்னா தெருவே அவரைத்தான் கூப்பிடும். அப்பேர்ப்பட்ட மனுஷன் இந்தச் சித்திரையில, சொந்த வண்டியை வித்த காசோட சித்தி நகையையும் சேர்த்து, ராசிபுரம் பக்கம் பதினெட்டு வருஷப் பழைய வீடு ஒண்ணைப் பேசி முடிச்சார். பார்த்தது இருபதே நிமிஷம். வாசல் கிழக்கு, குழாய்ல தண்ணி, பூஜை ரூம்... செக்கிங் ஓவர். ரெண்டு லட்சம் அட்வான்ஸும் கொடுத்தாச்சு.

"லாரிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம், அப்புறம் வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். வீட்டுக்கு என்ன சித்தப்பா?"ன்னு கேட்டேன்.

"அதான் இ.சி. போட்டுப் பார்த்தாச்சே கண்ணு. முப்பது வருஷத்துக்குச் சுத்தமா இருக்குது."

இங்கதாங்க சிக்கல். இ.சி.ங்கற வில்லங்கச் சான்றிதழ், பதிவாகியிருக்கிற கிரயம், அடமானம் இதையெல்லாம் சொல்லும். பட்டா, இடம் யார் பேர்லன்னு சொல்லும். வக்கீல், மூலப்பத்திரத்துல இருந்து வரிசையா படிப்பார். எல்லாம் அவசியம்தான். ஆனா எல்லாமே காகிதத்தோட ஆரோக்கியம். செவுத்துக்குள்ள இருக்கிற வில்லங்கம் எந்த இ.சி.யிலயும் வராது. லோன் போட்டா பாங்க்கே ஒரு இன்ஜினீயரை அனுப்பும்தான். அவர் பார்க்கிறது, நாளைக்கு இந்த வீட்டை வித்தா பாங்க்குக்குப் பணம் தேறுமான்னு. நீங்க நிம்மதியா தூங்குவீங்களாங்கறது அவர் வேலை இல்லை. அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் வாங்குறவரே காசு கொடுத்து ஒரு ஆளை வெச்சு, கூரையில இருந்து சாக்கடை வரை பார்த்து ரிப்போர்ட் வாங்குறது சர்வசாதாரணம். நம்ம ஊர்ல அப்படிப் பார்த்தே ஆகணும்னு சட்டம் எதுவும் கிடையாது.

2014 ஜூன் 28 ஞாபகம் இருக்கா? நாமெல்லாம் அப்போ பொடிப்பசங்க. சென்னை மவுலிவாக்கத்துல கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில சரிஞ்சு விழுந்துச்சு. 61 பேர் போயிட்டாங்க. பெரும்பாலும் அங்கே வேலை செஞ்ச தொழிலாளிகள். பக்கத்துல இருந்த ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ல் வெடிவெச்சுத் தகர்த்தாங்க. திட்ட அனுமதி வாங்கின கட்டடம் அது. பாங்க் லோன் போட்டு ஃப்ளாட் புக் பண்ணினவங்களும் இருந்தாங்க. பேப்பர் இருந்துச்சு, வீடு இல்லை.

சரி, நம்ம கதைக்கு வருவோம். நான் சிவில் மூணாவது வருஷம். டார்ச், ரசமட்டம், மொபைல்னு ஒரு ஜேம்ஸ்பாண்ட் கெட்டப்புல கிளம்பினேன். கூட எங்க தெரு மேஸ்திரி தாத்தா. அவர்கிட்ட இருந்தது ஒரு அஞ்சு ரூபாய் காசு, ஒரு மூங்கில் குச்சி. அவ்வளவுதான்.

ஹால் பூச்சுல நூல் மாதிரி ஓடின வெடிப்பை நான் விழுந்து விழுந்து போட்டோ எடுத்தேன். தாத்தா திரும்பிக்கூடப் பார்க்கலை. "அது மேல்பூச்சு கண்ணு. தண்ணி சரியா ஊத்தியிருக்க மாட்டாங்க"ன்னு சொல்லிட்டு நேரா பின்பக்க ரூமுக்குப் போனார். "வீடு பூரா பழைய பெயின்ட். இந்த ரூம் சீலிங்குக்கு மட்டும் எதுக்குப் புது பெயின்ட்டு?" எனக்குப் பொட்டுனு உறைச்சுது. குச்சியால சீலிங்கைத் தட்டிக்கிட்டே வந்தார். டக், டக், டக்... ஒரு மூலையில மட்டும் டொப்புன்னு கேட்டுச்சு. உள்ள பொள்ளல். அதுக்கு நேர் மேலதான் மாடி பாத்ரூம்!

இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி. நல்ல கான்கிரீட்டோட பி.எச். 12, 13-ன்னு இருக்கும். அந்தக் காரத்தன்மைதான் உள்ள இருக்கிற கம்பிக்குக் கவசம். காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு வருஷக்கணக்கா உள்ள புகுந்து அதை 9-க்குக் கீழே இறக்கிடும். கவசம் போச்சு. தண்ணியும் சேர்ந்தா துருதான். துரு, இரும்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேக்கும். கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். வீட்டுக்காரர்கிட்ட அனுமதி கேட்டு அந்த மூலையில கொஞ்சம் பெயர்த்தோம். லேப்ல டைட்ரேஷனுக்கு விடுவோமே, அந்த ஃபீனால்ஃப்தலின்ல நாலு சொட்டு விட்டேன். ஆரோக்கியமா இருந்தா பளிச்னு ரோஸ் கலர் வந்திருக்கணும். கம்பி வரைக்கும் கலரே மாறலை. சித்தப்பா முகத்துலதான் கலர் மாறிச்சு.

வீட்டுக்காரர் வில்லன் எல்லாம் இல்லைங்க. எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்துட்டு, "பெயின்ட் அடிச்சா நல்ல விலை போகும்னு புரோக்கர் சொன்னாருங்க"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டார். பொண்ணு காலேஜ் ஃபீஸுக்காக விக்கிறாராம். அவருக்கும் தெரியாத ஒண்ணு இருக்கு. 1882-லயே வந்த சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு. விக்கிறவருக்குத் தெரிஞ்ச, வாங்குறவர் சாதாரண கவனத்தோட பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை இருந்தா விக்கிறவர் சொல்லியே ஆகணும். புது ஃப்ளாட்டுன்னா 2016-ல் வந்த ரெரா சட்டம் இன்னும் கறார். அதுக்குக் கீழ வர்ற ப்ராஜெக்ட்டுன்னா, சாவி கொடுத்த 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை வந்து நீங்க சொன்னா, பில்டர் 30 நாளுக்குள்ள தன் செலவுல சரி பண்ணணும். பழைய வீடு வாங்குற சித்தப்பாக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

'வீடு வாங்குற வயசா எனக்கு?'ன்னு கேக்காதீங்க. உங்க வீட்டுல யாராவது அட்வான்ஸோட கிளம்பினா, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரையோ நல்ல மேஸ்திரியையோ கூட்டிட்டுப் போகச் சொல்லி அடம் பிடிங்க. அட்வான்ஸுக்கு முன்னாடி! நாங்க பின்னாடி போனதால ரெண்டு லட்சம் மாட்டிக்கிட்டு முழிச்சோம். போர் எத்தனை அடின்னும் கேளுங்க. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்களுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு அதைக்கூடக் கேக்கலைன்னா கேவலம்.

பேசிப் பேசி, அந்தத் தளத்தை இடிச்சுப் போடுற செலவுல பாதியை விலையில குறைச்சுக்கிட்டார் வீட்டுக்காரர். இன்னொண்ணு பாக்கி. பின்மூலையில ஜன்னலுக்குக் கீழே படிக்கட்டு மாதிரி சாய்வா இறங்குற வெடிப்பு. அஸ்திவாரம் இறங்குறதா, இல்லை எப்பவோ இறங்கி நின்னுபோனதான்னு ஒரே நாள்ல சொல்ல முடியாதுன்னுட்டார் தாத்தா. வெடிப்பு மேல குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை சிமென்ட்ல பதிச்சு, ரெண்டு நுனியிலயும் பென்சில்ல கோடு போட்டுத் தேதி எழுதிட்டு வந்திருக்கோம். சுவர் அசைஞ்சா கண்ணாடி விரியும்.

ஆடியில எப்படியும் கிரயம் பண்ண மாட்டாங்க. ஆவணிக்குத் தள்ளியாச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா சித்தப்பா பைக்கை எடுத்துக்கிட்டு ராசிபுரம் போயி, டயரைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து அந்தச் சில்லையே பார்த்துட்டு வர்றார். போன வாரம் நல்ல மழை. கண்ணாடி இன்னும் முழுசாத்தான் இருக்கு.