அரை பிளேட்டுக்கும் இடம் வேண்டும்

புதுதில்லி: உணவகங்களில் ஒருவருக்குப் பரிமாறும் அளவை நிர்ணயிக்கலாம் என்று 2017 ஏப்ரலில் யோசனை கூறினார் அன்றைய மத்திய உணவுத் துறை அமைச்சர் ராம்விலாஸ் பாஸ்வான். இரண்டு இறால் உண்பவருக்கு ஆறு எதற்கு என்று அவர் கேட்டார். தட்டிலும் அரசு தலையிடுவதா என எதிர்ப்பு எழுந்தது. யோசனை சட்டமாகவில்லை.

ஆனால், அவரது கேள்வி நியாயமானதே. மதிய உணவுத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்குத் தானியம் 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம் என அரசு வரையறுத்துள்ளது. பெரியவர்களோ தட்டில் வைத்ததே அளவு என்று உண்கிறோம். தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்க வேண்டும் என்கிறது ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். எத்தனை வீடுகளில் அப்படி இருக்கிறது?

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள், பரிமாறும் அளவையும் கலோரியையும் விலைப் பட்டியலில் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சாமானியர் உண்ணும் சிறு கடைகளுக்கு அது பொருந்தாது. அங்கே கலோரிக் கணக்கு வேண்டாம்; தில்லி தாபாக்களில் கிடைக்கும் 'அரை பிளேட்' போதும். எல்லா உணவகங்களும் அதை நியாயமான விலையில், கிராம் அளவுடன் தரட்டும். அளவைச் சொல்வது கடைக்காரரின் கடமை. போதும் என்று சொல்வது நம் பொறுப்பு.