குடும்பச் சூழ்நிலை காரணமாக

அரசு வங்கியில் எழுத்தராக இருக்கும் நண்பர் எழுதிக் கொடுத்த கடிதம் இரண்டே வரி. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக அதிகாரி பதவி உயர்வை ஏற்க இயலவில்லை.' வயது 31. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கைக்குழந்தை வேறு. கிளையில் மூத்தவர் ஒருவர், "பொழைக்கத் தெரியாத ஆளா இருக்கியேப்பா" என்றாராம்.

அவர் கணக்குப் போட்டுத்தான் எழுதினார். எழுத்தர்களை மாநிலவாரியாக, உள்ளூர் மொழி தெரிந்தவர்களாகப் பார்த்து எடுக்கிறார்கள். அதிகாரி ஆகிவிட்டால் இந்தியாவில் எங்கும் போடலாம். மயிலாடுதுறைக்காரருக்கு ஒடிசாவில் கிளை கிடைத்தால் அங்கே ஒரு வாடகை, இங்கே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஓர் ஆள், நடுவில் ரயில் கட்டணம். கூடுகிற சம்பளம் இதிலேயே கரைந்துவிடும். ஆசை இல்லாமல் இல்லை. தேர்வுக்கு ராத்திரி கண்விழித்துப் படித்தவர்தான்.

பெற்றோர் தளர்வதும் பிள்ளை பிறப்பதும் முதல் உயர்வு வருவதும் ஏறக்குறைய ஒரே வயதில். வீட்டைப் பார்த்துக்கொள்ள மனைவி இருக்கிறாள் என்று நம்பிய காலத்து ஆண்களுக்காகப் போட்ட ஏணி இது. 2014-இல் நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது: மணமான பெண் ஊழியரைக் கணவர் ஊரிலோ பக்கத்திலோ, மணமாகாதவரைப் பெற்றோர் ஊரிலோ பக்கத்திலோ இயன்றவரை அமர்த்துங்கள் என்று. நல்ல காரியம். ஆனால், அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கும் மகன் அதில் இல்லை. பராமரிப்பு பெண்ணின் வேலை என்ற பழைய எண்ணமே சலுகையாக உருமாறி வந்திருக்கிறது.

குடும்பத்தையும் நான் கோயிலாக்கவில்லை. பெண் ஊழியர் பதவி உயர்வை மறுக்கும்போது "வீட்ல பேசி முடிவு பண்ணினோம்" என்பார். பல வீடுகளில் பேசியது மாமியாரும் கணவரும்தான். ஆண் மறுத்தால் கையாலாகாதவன், பெண் மறுத்தால் குடும்பப்பாங்கானவள்! இரண்டு பட்டமும் நிர்வாகத்துக்கு வசதி. இடமாற்ற விதியை யாரும் கேள்வி கேட்பதில்லை.

நண்பரிடம் கேட்டேன், 'இடமாற்ற விதி காரணமாக' என்று எழுதியிருக்கலாமே என்று. சிரித்தார். "முதல்ல அப்படித்தாங்க எழுதினேன். மேனேஜர் திருப்பிக் கொடுத்து, குடும்பச் சூழ்நிலைன்னு மாத்தி எழுதச் சொல்லிட்டார்."