மூன்றை ஐந்தென்னும் பொறி

'தமிழ்' என்னும் சொல்லுக்கு எழுத்து எத்தனை என்று சிறு பிள்ளையைக் கேட்டாலும் மூன்று என்னும். 'சி' என்னும் கணிப்பொறி நிரல்மொழியைக் கேட்டால் பதினைந்து என்னும். சற்று நயந்து கேட்டால் ஐந்து என்னும். மூன்று என்று அது தானாகச் சொல்வதில்லை. இதனை நகைத்து ஒதுக்குதல் எளிது. பிழை எவ்வழி நுழைந்தது என அறிதலே வேண்டுவதாகும்.

1972-ஐ ஒட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிசு இரிச்சி அம்மொழியை ஆக்கியபோது, ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு, அஃதாவது எட்டுத் துணுக்குகள் கொண்ட ஒரு சிற்றறை, போதுமெனக் கொண்டார். ஆங்கிலத்திற்கு அது போதும். பல்லாயிரம் எழுத்துகளையுடைய சீனமும் சப்பானியமும் பொறிக்குள் புகுந்தபோது போதாதாயிற்று. ஆகவே 1989-இல் வகுத்த தரத்தில் 'அகல் எழுத்து' என்னும் பேரறை தோன்றியது. அவ்வறைகளைக் கோத்த சரங்களை எண்ணவும் ஒப்பிடவும் படியெடுக்கவும் உரிய செயற்கூறுகள் 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தன.

இன்று பெருவழக்கிலுள்ள குறுவடிவச் சேமிப்பில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் மூன்று பைட்டு; பதினைந்து வந்தது அதனால். அகல் சரத்தை அளக்கும் 'டபிள்யூ-சி-எசு-லென்' காண்பனவோ த, ம, இகரத்தின் மேல்விலங்கு, ழ, புள்ளி ஆகிய ஐந்து.

இதற்குச் 'சி' மொழியை நோவது முறையன்று. அறையில் இட்டதையே அது எண்ணுகிறது. இட்டவர் யார்? 1991-இல் வெளிவந்த ஒருங்குறி, 1988-இன் 'இசுக்கி' என்னும் இந்தியக் குறியேற்றத்தைத் தழுவித் தமிழை நாகரியின் அச்சில் வார்த்தது. நம் 247 எழுத்துகளில் உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய் 18 ஆக 31-க்கே தனியிடம். எஞ்சிய 216-உம் ஒட்டுப்போட்டே பிறக்கின்றன. புள்ளி பெறுதல் மெய்யின் இயல்பு என்று தொல்காப்பியம் கூற, இங்கோ ககரத்தின்மேல் புள்ளியை ஒட்டினாலன்றிக் ககர மெய் இல்லை! தாய்க்கு மகள் பெயரிட்ட கதைதான்.

விளைவுகள் சிறியன அல்ல. அச்சொல்லை நான்கு அறையோடு வெட்டினால் 'தமிழ' என்று புள்ளி உதிர்ந்து நிற்கும். இரண்டோடு வெட்டினால் 'தம'. 'கொ' என்பதைக் ககரமும் ஒகரக்குறியும் என ஈரறையிலும், கொம்பையும் காலையும் பிரித்து மூவறையிலும் இடலாம். கண்ணுக்கு ஒன்றாகிய இவற்றைச் 'சி'யின் நேர் ஒப்பீடு வேறென்று விலக்கும். அகரவரிசையில் வகரம் ழகரத்திற்கு முந்தியது. அவ்வொப்பீடோ 'அழகு' என்பதை 'அவல்' என்பதற்கு முன்னே நிறுத்தும். இறுதியெழுத்தாகிய னகரம் பகரத்தையே முந்திக்கொள்கிறது. வட்டார வரிசைப்படி ஒப்பிடும் வேறு செயற்கூறு உண்டு. தமிழமைப்பைப் பொறியில் நிறுவி, நிரலின் தொடக்கத்தில் அழைத்தாலன்றி அது உதவாது.

பேரறையும் எங்கும் ஓரளவினதன்று. இலினக்சில் நான்கு பைட்டு, விண்டோசில் இரண்டே. 2019-இல் ஒருங்குறி தமிழின் பழைய பின்னக் குறிகளுக்கு இடமளித்தது. 320-இல் ஒரு பங்காகிய முந்திரிக்குறி விண்டோசின் அறைக்குள் அடங்காது. இரண்டாகப் பிளந்தே நுழையும்.

2010-இல் தமிழக அரசு ஒருங்குறியோடு, எழுத்துக்கு ஓரிடம் தரும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் மாற்றாக ஏற்றது. அது முறையானதே. எனினும் அதன் இடங்கள் உலகத் தரத்தின் தனிப்பயன் பகுதியில் உள்ளமையால் பிறர் பொறிகள் அதனைத் தமிழென அறியா. ஒருங்குறியோ ஒருமுறை தந்த இடத்தை மாற்றுவதில்லை என்னும் உறுதியுடையது.

ஆயினும் எண்ணிக்கையைத் திருத்தும் வழி நிரலரின் கையிலேயே உள்ளது. பதினொரு உயிர்க்குறிகள், புள்ளி, ஔகாரத்தின் தனிக்குறி ஆகிய பதின்மூன்றையும் எண்ணாது, முன்னின்ற எழுத்தோடு சேர்த்துச் செல்லும் செயற்கூறு பத்து வரிக்குள் அடங்கும். அது 'தமிழ்' என்பதற்கு மூன்று என்றே விடை தரும். இடறுவன வடவெழுத்துக் கூட்டுகளே. அவற்றின் நலத்தை வேண்டுவோர் பார்த்துக்கொள்வர். படிவத்தில் பெயருக்கு 'இருபது எழுத்து' என இடம் வரையும் தமிழ் நிரலர், தம் நிரல் எவ்வெண்ணிக்கையால் அவ்விருபதை அளக்கிறது என இன்றே திறந்து பார்க்கலாம்.