மனிதரைப் பார்த்து வண்டி வாங்குவோருக்கு

“வண்டியைப் பார்த்து வாங்காதீர்கள், விற்கிற மனிதரைப் பார்த்து வாங்குங்கள்” என்று அண்மையில் ஆசிரியர் அறையில் நமக்கோர் அறிவுரை கிட்டியது. சொன்னவர் நம்மினும் மூத்தவர், இலக்கணம் கற்பிப்பவர். மாணவர் விடைத்தாளில் விடுபட்ட ஒற்றைச் சிவப்பு மையால் வட்டமிடாமல் விடமாட்டார். அவரே எண்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பழைய காரை, பானெட்டைக்கூடத் திறந்து பாராமல் வாங்கி வந்திருக்கிறார். “திறந்து பார்த்தால் அவர் மனம் புண்படாதா?” என்பது அவர் வினா. அன்று வாய்மூடி இருந்துவிட்டோம். ஆனால் இது அவர் ஒருவருடைய கருத்து மட்டுமன்று. படித்தவர் நடுவே நயத்தக்க நாகரிகமாகவே இது உலவுகிறது. ஆகவே விடையளிக்க வேண்டியவர்களாகிறோம்.

சோதித்தல் அவமதிப்பு என்னும் பாடத்தை நமக்குக் கற்பித்தவர் யார்? நம் முன்னோர் அல்லர். நம் பாட்டிமார் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பாராமல் கூடையில் போட்டதில்லை. கடைக்காரரும் அதற்காகக் கண்ணீர் வடித்ததில்லை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பாராமல் பணத்தை எண்ணிக் கொடுத்தவனை ஊர் நகைத்தது. ஒருவரை நம்புவதற்கு முன் ஆராய வேண்டும் என்பதற்காகவே வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். சோதித்தால் மனம் புண்படும் என்பது விற்பவர் தரப்பு வாதம். அதை வாங்குபவரே மனப்பாடம் செய்து ஒப்பிப்பது எத்துணை விந்தை!

நாமும் அவ்வாறு ஒப்பித்தவர்தாம். 2016 ஏப்ரலில், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் சென்னையிலிருந்து ஓர் ஆல்டோ வாங்கினோம். வண்ணம் பளபளத்தது, உள்ளே நறுமணம் கமழ்ந்தது, விலையும் மலிவு. அந்நறுமணம் எதை மறைக்கிறது என்று நாம் கேட்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னை நீரில் மிதந்தது என்பதும் நமக்குத் தெரியாததன்று. நான்காம் மாதம் ஓரிரவு, திண்டிவனம் – திருவண்ணாமலைச் சாலையில், செஞ்சியைத் தாண்டியதும் முகப்பு விளக்குகள் இரண்டும் ஒருசேர அணைந்தன. பின்னால் லாரி, அருகில் நம் மகள். வண்டி சாலையோரம் நின்றது நம் திறமையால் அன்று. மறுநாள் எலக்ட்ரீஷியன் தரைவிரிப்பைத் தூக்கிக் காட்டினார். அடியில் காய்ந்த வண்டல். ஒயர் இணைப்புகளெல்லாம் பச்சை பூத்திருந்தன. “சார், சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே” என்றார். இழுத்தோம். எப்போதும் சுருளுக்குள்ளேயே கிடக்கும் பகுதியில், நீர் நின்ற உயரத்திற்குக் கோடு கிழித்தாற்போல் சேற்றுக் கறை. விற்ற மனிதர் இனிய மனிதர்தாம். காப்பி கொடுத்து வழியனுப்பினார்.

அன்றுமுதல் பழைய வண்டியை ஓர் ஏட்டுச் சுவடியைப் போலவே அணுகுகிறோம். உ.வே.சா. ஒரே ஏட்டை நம்பிச் சிந்தாமணியைப் பதிப்பிக்கவில்லை. பல ஏடுகளை ஒப்பிட்டார். வண்டியிலும் ஒன்றையொன்று ஒப்பிடத்தக்க சான்றுகள் பல உள. மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர் என்கிறது. பிரேக் பெடலின் ரப்பரோ வரிகள் தேய்ந்து வழவழத்துக் கிடக்கிறது. எது பிந்தைய இடைச்செருகல் என்று தமிழாசிரியருக்கா சொல்லித்தர வேண்டும்? கதவுக் கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்புக் குறி இருக்கும். மூன்று ஒன்றாகவும் ஒன்று மட்டும் வேறாகவும் இருந்தால் அக்கதவின் கதையைக் கேட்க வேண்டும். பானெட்டையும் ஃபென்டரையும் பிணைக்கும் போல்ட்டுகளின் தலையில் வண்ணம் உரிந்திருந்தால் அவை கழற்றப்பட்டவை. துணி சுற்றிய சிறு காந்தம் இரும்புத் தகட்டில் ஒட்டாத இடத்தில் பட்டி பூசப்பட்டிருக்கலாம். சேஸிஸ் எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போன்றதுதான். அதை ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் தொழிலே இதுதானே!

எல்லாவற்றிலும் தலையாயது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பது. நாம் போய்ச் சேரும்முன்பே வண்டி உறுமிக்கொண்டிருந்தால், அது வரவேற்பு அன்று. குளிர்ந்த எஞ்சின் தயங்குவதும் இருமுவதும் சூடேறியபின் மறைந்துவிடும். முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்து, அடியில் மோர்போல் வெளுத்த பசை படிந்திருந்தால் ஆயிலில் நீர் கலந்ததோ என்று ஐயுறுங்கள். பிறகு கிளப்பச் சொல்லிச் சைலன்சரருகே நில்லுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை நெடுநேரம் அடங்காவிட்டால் கூலன்ட் உள்ளே கசிவதாக இருக்கலாம். காலைக் குளிரில் சிறிது நேரம் வந்து மறையும் ஆவியை அதனோடு குழப்ப வேண்டா. டயர் ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருப்பதும், நேர்ச்சாலையில் ஸ்டியரிங் ஒருபக்கம் இழுப்பதும் உடன்பிறப்புகள்.

“மலிவான வண்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?” என்பார் மற்றொரு சாரார். நம் சினம் மிகுவது இங்கேதான். இருபது லட்சத்துக்கு வண்டி வாங்குபவர் ஏமாந்தால் இன்னொன்று வாங்குவார். எண்பதாயிரத்தைச் சீட்டெடுத்துத் திரட்டியவர் ஏமாந்தால், அந்த ஓட்டை பிரேக்கோடுதான் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வார். மலிவான வண்டிக்கே ஆராய்ச்சி மிகுதியும் வேண்டும். மெக்கானிக்குக்குக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பவர் சிக்கனக்காரர் அல்லர். அந்த மெக்கானிக்கும் நாம் அழைத்துச் செல்பவராக இருக்க வேண்டும். புரோக்கர் காட்டும் மெக்கானிக் புரோக்கரின் வாயே.

சட்டம் காக்கும் என்று இருப்பவர்களுக்கு ஒரு சொல். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, சில விலக்குகள் நீங்கலாக, பொருளின் தரத்திற்கு உட்கிடையான உறுதி எதுவும் இல்லை என்றே தொடங்குகிறது. மறைத்து விற்றார் என்றால் அதை மெய்ப்பிக்கும் சுமை நம் தலையில். தாள்களின் கதையும் இத்தகையதே. ஆர்.சி.யில் உள்ள பெயருக்கும் எதிரே நிற்பவருக்கும் தொடர்பில்லை. நிரப்பப்படாத 29, 30-ஆம் படிவங்களில் கையொப்பம் மட்டும் இருக்கிறது. “அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்” என்கிறார்கள். இப்படிக் கைமாறித் திரிந்த ஒரு கார் ஏற்படுத்திய விபத்தில், பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை விற்றுவிட்டோம் என்று உறங்கிய மனிதர் தலையில் இழப்பீடு விழுந்தது. நம் மூத்த நண்பரின் காரோ இன்றளவும் வேறொருவர் பெயரில்தான் ஓடுகிறது, ஹெச்.பி.யும் நீக்கப்படவில்லை. ‘நல்ல மனிதர்’ வங்கித் தடையில்லாச் சான்றை அடுத்த மாதம் தருவாராம்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நாம் ஒரு வண்டி பார்க்கப் போகிறோம். அதுவரை எஞ்சினைக் கிளப்ப வேண்டா என்று விற்பவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டோம். “ஏன் சார், என்மேல நம்பிக்கை இல்லையா?” என்றார். “இல்லை ஐயா, உங்களை இன்னும் பார்த்ததே இல்லையே” என்றோம். சிரித்துவிட்டு, சரி வாங்க என்றார்.