சாளரத்தோடு மறைந்த முகவரி

சென்ற திங்கள் நம் இதழ் நான்கு நாள் தாமதித்து வந்தமைக்கு அன்பர்கள் சிலர் அஞ்சலகத்தைக் குறை கூறி எழுதியுள்ளனர். பொங்கல் விழா அழைப்பே விழா முடிந்தபின் சில வீடுகளுக்குச் சென்றதாம். குற்றம் அஞ்சலகத்தினுடையதன்று, அடியேனுடையது.

முகவரிச் சீட்டுகளை அச்சிட என் தமக்கை மகன் கணிப்பொறியில் ஒரு நிரல் எழுதித் தந்திருந்தான். முகவரிப் பட்டியல் எங்கே உள்ளது என்பதை அந்நிரல் ‘சூழல் மாறி’ ஒன்றைக் கேட்டு அறியும். சூழல் மாறியாவது ஒரு பெயரும் அதற்குரிய மதிப்புமே. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் ‘செட்’ என்று தொடங்கி அம்மதிப்பைக் கொடுத்தான். சோதனைச் சீட்டு அழகாக வந்தது. சாளரத்தை மூடிவிட்டு விடுதிக்கு ரயிலேறினான். மறுநாள் நான் நிரலைத் திறந்தால் ‘பட்டியல் இல்லை’ என்றது. அவனுக்கோ தேர்வு, நான்காம் நாளே தொலைபேசியில் கிடைத்தான்.

“மாமா, அந்தச் சாளரத்தில் சொன்னது அதிலிருந்து தொடங்கும் நிரல்களுக்கு மட்டுமே தெரியும். மூடியதும் போய்விட்டது. உங்களிடம் சொல்ல மறந்தேன்” என்றான்.

ஒரு நிரல் மற்றொன்றைத் தொடங்கும்போது தன் மாறிகளின் நகலை அதனிடம் கொடுக்கிறது. சேய் நிரல் அந்நகலை எப்படித் திருத்தினாலும் தாயினிடம் உள்ளது மாறாது. எழுத்தராகிய எனக்கு இது உடனே விளங்கிற்று. கிளை அலுவலகத்துக்குச் சென்ற நகலில் அடித்து எழுதினால் தலைமை அலுவலகக் கோப்பு திருந்துமா? 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இம்முறை உண்டு. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் இதுவே வழக்கம்.

பழக்கங்கள்தாம் வேறு. லினக்ஸ் ஷெல்லில் மதிப்பை எழுதினால் மட்டும் போதாது. ‘எக்ஸ்போர்ட்’ என்றால்தான் சேய் நிரலுக்குச் செல்லும். அங்கே பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு, விண்டோஸில் ஒன்றே. நிரல்களைத் தேடும் இடங்களைக் கூறும் ‘பாத்’ என்னும் மாறியில் லினக்ஸ் முக்காற்புள்ளியால் பிரிக்கும். விண்டோஸில் ‘சி’ முதலிய வட்டுப் பெயருக்கே முக்காற்புள்ளி வருவதால் அங்கே அரைப்புள்ளி.

விண்டோஸில் மதிப்பு நிலைத்திருக்க ‘செட்எக்ஸ்’ வேண்டும். அது பதிவேட்டில் எழுதிவைக்கும். அவ்வாறே செய்தும் நிரல் அசையவில்லை! முன்பே திறந்திருந்த சாளரத்திற்குப் புதிய செய்தி எட்டாதாம். இதை அறிய மேலும் ஒரு மணி நேரம் சென்றது.

இத்திங்கள் சீட்டுகள் முதல் முயற்சியிலேயே வந்தன. இன்னும் சென்ற இதழ் கிடைக்காத வீட்டார் ஒரு வரி எழுதுக. கையாலேயே முகவரி எழுதி அனுப்புகிறேன்.