வழி விடுங்க... காளை வருது!



ஓட்டப் பந்தயம் என்றால் எப்படி இருக்கும்? எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். விசில் ஊதியதும் பாய்ந்து ஓடுவார்கள். முதலில் கோட்டைத் தொட்டவருக்குப் பரிசு. இதுதானே நமக்குத் தெரியும்?

நான் சொல்லப்போகும் பந்தயம் வேறு மாதிரி. இதில் போட்டியாளர்கள் சேர்ந்து ஓட மாட்டார்கள். ஒருவர் ஓடி முடித்த பிறகுதான் அடுத்தவர். முதுகில் ஆள் கிடையாது, பின்னால் வண்டி கிடையாது. ஜெயித்தவருக்குத் தான் ஜெயித்த விஷயம் கடைசி வரை தெரியவே தெரியாது!

யார் அந்த ஓட்டக்காரர்? காளை மாடுதான்!

திருப்பத்தூர், வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தை பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் 'மாடு விடும் விழா' களைகட்டும். 'எருது விடும் விழா', 'காளை விடும் விழா' என்றும் சொல்வார்கள். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு போல இதில் திமிலைப் பிடித்துத் தொங்குவது கிடையாது. நேரான தெரு ஒன்றில் இரண்டு கோடுகள் போடுவார்கள். அந்தத் தூரத்தைக் காளை எத்தனை நொடியில் கடக்கிறது என்று அளப்பார்கள். மிகக் குறைந்த நேரத்தில் கடந்த காளைக்கு முதல் பரிசு. நொடியில் ஒரு சிறு பங்கு வித்தியாசத்தில் பரிசு கைமாறிப் போவதும் உண்டு.

நான் ஆறாவது படிக்கும்போது, ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர் ஒன்றில் மாமாவோடு இந்த விழாவைப் பார்க்கப் போனேன். தெரு முழுக்கத் தலைகள். "சுவர் மேல ஏறி உட்காரு" என்றார் மாமா. ஆனால், பெரிய பையன்கள் எல்லாரும் தெருவுக்குள் இறங்கி நின்றார்கள். காளை வரும்போது அதன் முதுகைத் தட்டிவிட்டு ஒதுங்குவதுதான் வீரமாம்! "பயந்தாங்கொள்ளி" என்று ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அது போதாதா? மாமா அசந்த நேரம் பார்த்து நானும் இறங்கிவிட்டேன்.

பக்கத்துச் சுவரில் என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அப்பாவோடு சாமை மூட்டை கொண்டுவந்தவன். ஊர், மலை மேல் உள்ள நெல்லிவாசல்நாடு. தினமும் மாடு மேய்ப்பவன். அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மாட்டுக்கு வழி விடுப்பா. அது ஓட வந்திருக்கு. நீ பார்க்கத்தானே வந்திருக்கே?" என்றான்.

எனக்கு ரோஷம். கையை உதறினேன். அதற்குள் காளை வந்துவிட்டது. கூட்டம் ஒரே நேரத்தில் என் பக்கம் ஒதுங்கியது. கீழே விழுந்தேன். முழங்கை கிழிந்தது. காளை என் காலுக்கு ஒரு சாண் தள்ளித் தாவிப் போனது. அந்தப் பையன்தான் என்னைத் தூக்கிச் சுவரில் ஏற்றினான். முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அவன் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகுதான் புரிந்தது. மாட்டின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அதனால், நின்ற இடத்திலேயே தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாவற்றையும் அதனால் பார்க்க முடியும். நேர் பின்னால் இருப்பது மட்டும் தெரியாது. அந்தப் பக்கமிருந்து ஒரு கை தட்டினால் திடுக்கிட்டுப் போகும். கூச்சலும் அதைக் கலங்கடிக்கும். முன்னால் கூட்டம் சுவர் போல நின்றால், தப்பிக்க எங்கே இடைவெளி இருக்கிறது என்றுதான் தேடும். அந்த இடைவெளியில் நிற்பவர் நாமாக இருந்தால் நம் கதி? காளைக்கு நம்மேல் கோபமே இல்லை. அதற்கு வேண்டியது வழி மட்டும்தான்.

"இவ்வளவு ஆபத்தா? அப்படியானால் விழாவையே நிறுத்திவிடலாமே" என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு போன்ற விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது. மாடுகள் துன்புறுத்தப்படுகின்றன என்பதுதான் காரணம். 2017 ஜனவரியில் சென்னை மெரினாவிலும் தமிழகம் முழுவதும் மாணவர்களும் இளைஞர்களும் திரண்டு போராடினார்கள். அதன் பிறகு தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. எருது விடும் விழாவின் பெயரும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

ஆனால், அனுமதியோடு பொறுப்பும் சேர்ந்தே வந்திருக்கிறது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கால்நடை மருத்துவர் காளையைப் பரிசோதிக்க வேண்டும். காளையைத் துன்புறுத்தக் கூடாது. பார்வையாளர்களுக்குத் தடுப்பு வேண்டும்.

என் கட்சி என்ன தெரியுமா? விழா வேண்டும். வருடம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் தவிடும் ஊட்டி, குளிப்பாட்டி, பிள்ளை போலக் காளையை வளர்க்கும் வீடுகள் இந்த ஊர்களில் இருக்கின்றன. டிராக்டர் வந்த பிறகு உழவுக்கும் வண்டிக்கும் காளையின் தேவை குறைந்துவிட்டது. விழாவும் இல்லையென்றால், காளைக்கன்று பிறந்ததும் சந்தைக்குத்தான் போகும்.

ஆனால், பிள்ளை போல வளர்த்த மாட்டின் வாலை முறுக்கலாமா? களைத்துப் போன மாட்டை மறுபடியும் ஓட விடலாமா? கூடாது. 'எனக்கு வலிக்கிறது, போதும்' என்று காளையால் சொல்ல முடியாது. அதற்காக நாம்தான் சொல்ல வேண்டும்.

அதே போல, தெரு காளைக்கு. ஓரம் நமக்கு. இதைச் சொன்னால், "தடுப்புக்குப் பின்னால் நின்றால் என்ன த்ரில்?" என்று கேட்பீர்கள். ஸ்பெயின் நாட்டில் பாம்ப்லோனா என்று ஒரு நகரம். அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 7 முதல் 14 வரை, காலை 8 மணிக்குக் காளைகளைத் தெருவில் ஓட விடுவார்கள். உலகமே வேடிக்கை பார்க்கும் விழா அது. காளைகளுக்கு முன்னால் மனிதர்களும் ஓடுவார்கள். அங்கேகூட 18 வயது ஆகாதவர்கள் ஓடக் கூடாது என்று கண்டிப்பான விதி இருக்கிறது. தெரு ஓரத்தில் ஒன்றுக்கு இரண்டு மரத் தடுப்புகள் போடுகிறார்கள். அதனால் விழாவின் த்ரில் குறைந்துவிட்டதா என்ன?

இத்தாலியின் சியனா நகரக் குதிரைப் பந்தயம் இன்னும் வேடிக்கை. நடுவழியில் ஓட்டுபவர் கீழே விழுந்துவிட்டாலும், குதிரை தனியாக முதலில் வந்தால் அதற்குத்தான் வெற்றி!  நம் ஊரிலோ எல்லாக் காளையும் தனியாகத்தான் ஓடுகிறது. நம் விழாவின் அழகே அதுதான். நாம் குறுக்கே போய் அதைக் கெடுக்கலாமா?

அடுத்த தையில் நீங்கள் மாடு விடும் விழாவுக்குப் போனால், பெரியவர்களோடு போங்கள். மாடியோ, திண்ணையோ, தடுப்புக்குப் பின்னாலோ நல்ல இடமாகப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, எந்தக் காளைக்கு எத்தனை நொடி என்று நோட்டில் எழுதி வையுங்கள். முடிவு சொல்வதற்கு முன்பே முதல் பரிசு எதற்கு என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்!

யாராவது "பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தால் என்ன செய்வது? நெல்லிவாசல்நாட்டுப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று அந்தத் தெருவில் இருந்தவர்களில் மாட்டை நன்றாக அறிந்தவன் அவன்தான். அவனே சுவர் மேல்தான் உட்கார்ந்திருந்தான்!