நான்கு போல்ட்டுகள்

பயான் லெப்பாஸில் இறங்கப் போகும் விமானத்தைச் செம்பனைக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்க்காத பிள்ளை செபராங் பிறையில் உண்டா? அப்படிப் பறப்பவற்றுள் பலவற்றின் பாகங்கள் நம் நாட்டிலேயே செய்யப்படுகின்றன என்று அந்தப் பிள்ளையிடம் யாராவது சொன்னதுண்டா?

1985-இல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது. அடுத்து விமானம் என்று ஆசை பிறந்தது. 1990-இல் சி.டி.ஆர்.எம். என்ற நிறுவனத்தை அரசாங்கம் தொடங்கியது. ஆஸ்திரேலியர் வடிவமைத்த 'ஈகள்' என்ற இருவர் அமரும் சிறு விமானத்தை மலாக்கா பத்து பெரண்டாமில் கட்டினார்கள். விமானம் பறந்தது, வாங்கத்தான் ஆள் வரவில்லை. சொந்த விமானக் கனவு அத்தோடு மங்கிற்று. ஆனால் கற்ற வித்தை வீண் போகவில்லை. அதே நிறுவனம் ஏர்பஸ் விமானங்களின் இறக்கைப் பாகங்களைச் செய்யத் தொடங்கியது. நம் பினாங்கிலும் 1972-இல் எழுந்த பயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், சாம் என்ஜினியரிங் விமான இயந்திர உறைகளைக் கடைகிறது.

இந்த வேலை எப்படிப்பட்டது? ஒரு சம்பவம் சொல்கிறேன். 2024 ஜனவரி 5-ஆம் தேதி அமெரிக்காவின் போர்ட்லாண்டிலிருந்து கிளம்பிய போயிங் விமானம் ஒன்று, 16,000 அடி உயரத்தை நெருங்கும்போது, பக்கவாட்டு அடைப்புப் பலகை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே 177 பேர். நல்ல வேளை, அந்த இருக்கையில் யாருமில்லை, எல்லோரும் பிழைத்தார்கள்.

அந்தப் பலகை எங்கே செய்தது தெரியுமா? மலேசியாவில், ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் தொழிற்சாலையில்! செய்தி வந்ததும் பலருக்கு வயிறு கலங்கியிருக்கும். விசாரணையில் குற்றம் வேறிடத்தில் என்று தெரிந்தது. அமெரிக்காவின் ரென்டனில் உள்ள போயிங் ஆலையில், பழுதான ரிவெட்டுகளைச் சரிபார்க்கப் பலகையைக் கழற்றியவர்கள், அதைப் பிடித்து நிறுத்தும் நான்கு போல்ட்டுகளை மறுபடி போடவேயில்லை. கழற்றினோம் என்று தாளில் எழுதவுமில்லை. எழுதியிருந்தால் பரிசோதகர் வந்து பார்த்திருப்பார். பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் எழுதாவிட்டால் நமக்கு ஒருநாள் கூலி போகும். அங்கே எழுதாத ஒரு வரியால் 177 உயிர் ஊசலாடியது. தொழிலாளிக்குப் போதிய பயிற்சியும் மேற்பார்வையும் நிர்வாகம் தரவில்லை என்றுதான் 2025-இல் வந்த அறிக்கையும் சொல்கிறது.

அதே 2024 செப்டம்பரில் போயிங் தொழிலாளர் 33,000 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஏழு வாரத்துக்கு மேல் நின்று, நான்காண்டில் 38 விழுக்காடு சம்பள உயர்வு வாங்கினார்கள். சங்கம் வைத்துப் போராடிய நம் பெரியவர்களுக்கு அதன் அருமை சொல்லாமலே தெரியும். ஆனால் அங்கே ஆலை நின்றால் பாகம் செய்யும் ஊர்களிலும் வேலை குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஸ்பிரிட் கைமாறியது. அதன் சுபாங் ஆலையை வாங்க 2025-இல் ஒப்பந்தம் செய்தது யார்? ஒரு காலத்தில் 'ஈகள்' கட்டிய அதே சி.டி.ஆர்.எம்.

படிவம் ஐந்து முடித்த பிள்ளை வீட்டிலிருந்தால், 1989 முதல் பயான் லெப்பாஸில் இயங்கும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தில் விசாரியுங்கள். எந்தச் சான்றிதழ், எத்தனை மாதம், கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை உண்டா என்று நேரில் கேளுங்கள். ஏஜெண்டு பேச்சை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.